துரை பங்களாவிலிருந்து தெரிந்த ஆறு

இங்கே மலாயாவில், ரஹாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண், சனிக்கிழமை விடிந்தால் தன் காரின் தலைமேல் ஒரு மஞ்சள் படகை ஏற்றிக் கட்டுகிறாள். பிளாஸ்டிக் படகு. நடுவில் ஓர் ஆள் உட்காரக் குழி; இரண்டு முனையிலும் அகப்பை வைத்தது போல ஒற்றைத் துடுப்பு. காயாக் என்று பெயராம். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிநேகிதிகள் இன்னொரு காரில் இன்னும் இரண்டு படகோடு வந்து நிற்பார்கள். ஆறு, ஏரி என்று எங்காவது போய் நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுவிட்டு, வெயிலில் மூக்கு கறுத்துத் திரும்புவார்கள். மாசி, பங்குனியில்தான் இது அதிகம். மழை விட்டு ஆற்றுத் தண்ணீர் தெளிந்திருக்கும் காலம். தரையில் ஓடுகிற வண்டி தண்ணீரில் ஓடுகிற வண்டியைச் சுமந்துகொண்டு போவதை ஊரில் இருக்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வாழ்நாள் ஆகிவிட்டது. எனக்கே இது இன்னும் பழகவில்லை.

போன மாதம் அவள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஆன்டி, ஜோம் லா! நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். தண்ணீர் என்றால் பயம் என்று மலாயில் சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய் ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எடுத்துவந்து என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "இதைப் போட்டால் முழுகவே மாட்டீங்க, ஆன்டி." நல்ல பெண். முழுகிப்போவதைப் பற்றித்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்து வைத்தேன். இப்படித் தலையைக் குனிந்துகொண்டே நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் பக்கத்திலிருந்து அப்பாவோடும் அம்மாவோடும் கப்பலேறி வந்தபோது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை; மணலைத் தோண்டி, ஊறுகிற வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். பகாவ் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து இறங்கிய மறுநாள், மூவார் ஆறு கரை நிறைய ஓடுவதைப் பார்த்து அம்மா, "இம்புட்டுத் தண்ணியையும் யாரு குடிச்சுத் தீக்குறது?" என்று கேட்டாள். லயம் என்கிற கூலி வீட்டு வரிசையில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அஞ்சலை அக்காவை முதலில் பார்த்தேன். என்னைவிட நாலு வயது மூத்தவள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரிதான். அடுத்த வீடு.

இங்கே வசந்தகாலம் உண்டா என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் என் மகனைக் கேட்டார். வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான் என்று அவன் சொன்னான். டவுனில் வளர்ந்தவன், அவனுக்குத் தெரியாது. பால்மரக் காட்டில் உண்டு. தை கடைசியில் ரப்பர் இலைகள் பழுத்து, ஒரு காற்றுக்கு ஆயிரம் என்று கொட்டும். மாசியில் மரம் மொட்டையாக நிற்கும். இருட்டாகவே இருந்த தோட்டத்துக்குள் திடீரென்று வானம் இறங்கிவிடும். பிறகு நுனியில் செம்பு நிறத்தில் துளிர் வரும். பத்துப் பதினைந்து நாளில் பச்சையாகிவிடும். மொட்டையாக நிற்கிற அந்தக் கொஞ்ச நாளில் பால் சுரப்பு குறையும், வெட்டும் குறையும். எங்களுக்கு அது ஓய்வுக் காலம். நான் சொல்லப்போவது ஜப்பான்காரன் வந்த பிறகு வந்த மூன்றாவது மாசி.

அந்தக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். துணி இல்லை, சாக்கை வெட்டிப் போட்டுக்கொண்டோம். அது உரசி உரசி உடம்பெல்லாம் சொறி. இதெல்லாம் பொறுக்கக்கூடியது. பொறுக்க முடியாதது லாரி. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி முதலில் ஆள் எடுத்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட வரிசையாக நிற்கும்போதே கையைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அஞ்சலை அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவள் புருஷன் காளிமுத்து அண்ணன் பேர் அடுத்த லாரிக்கு எழுதியாகிவிட்டது என்று தெரிந்த அன்றே அவர் காணாமல் போனார். செத்துப்போனார் என்று அக்கா ஒப்பாரி வைத்தாள். பாசாங்கு ஒப்பாரி. காய்ச்சலில் தினம் ஒருவர் செத்துக்கொண்டிருந்ததால் பேரேடு எழுதும் கிராணியும் நம்பிப் பேரை அடித்துவிட்டார்.

உண்மையில் அண்ணன் ஒளிந்திருந்தது ஆற்றின் மேல்பக்கத்தில், ஒரு ஓடை வழியாகப் போனால் வருகிற பழைய ஈயக்குட்டையில். சீனர்கள் ஈயம் எடுத்துவிட்டுப் போட்ட பள்ளம், மழைத் தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடக்கும். கரையில் கோரைக்குள் ஒரு இடிந்த குடிசை. நடந்து போகப் பாதை இல்லை. படகில்தான் போக வேண்டும். படகு அலிமாவுடையது. அலிமா அக்கரைக் கம்பத்து, அதாவது அக்கரைக் கிராமத்து, மலாய்க்காரப் பெண். அக்காவோடு துணி துவைத்துச் சிநேகிதமானவள். ஒரே மரத்தைக் குடைந்த ஒல்லியான படகு அது, அசைந்தால் கவிழும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஆற்றோரம் கீரை பறிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் போவோம். கீரைக் கூடைக்கு அடியில் அவித்த கிழங்கு இருக்கும். பின்னால் அலிமா, முன்னால் அக்கா, நடுவில் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டு.

அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள்: போகும்போதும் வரும்போதும் சிரிக்க வேண்டும். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா எவனும் எங்கடி போறேம்பான். சிரிச்சுக்கிட்டுப் போனா பைத்தியமின்னு விட்டுருவான்." அலிமாவுக்கு அது கரும்பு தின்கிற மாதிரி. கரையிலிருந்து யாராவது எங்கே என்று கேட்டால், "மக்கான் ஆங்கின்!" என்று கத்துவாள். காற்று தின்னப் போகிறோம் என்று அர்த்தம். உல்லாசமாக வெளியே போவதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா தமிழில், "ஆமா, வேற என்ன கெடக்கு திங்க?" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும், சத்தம் வராது. அக்கா திரும்பிப் பார்த்து, "லெச்சுமி, தலைய நிமித்துனா சூரியன் வந்து கடிச்சிருமா? பல்லையாவது காட்டு புள்ள. பொணம் ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு" என்பாள். துடுப்பால் தண்ணீரை என்மேல் தெளிப்பாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். லயத்தில் பிணம் விழுந்துகொண்டிருந்த காலம் அது. என் தம்பி அந்தத் தையில்தான் போனான். ஆனாலும் அந்தப் படகில் போன நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அக்கா பாசாங்குக்குச் சிரித்தாள். நான் நிஜமாகவே சிரித்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு குன்று உண்டு. உச்சியில் துரை பங்களா. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே லயத்து ஆட்கள் குன்றில் ஏறக்கூடாது. கூட்டுகிறவள், சமையற்காரர், தோட்டக்காரர் மூன்று பேர்தான் போவார்கள், அவர்களும் பின்வழியாக. எதிரே துரை வந்தால் ஒதுங்கி நின்று தலையைக் குனிய வேண்டும். முகத்தைப் பார்ப்பது திமிர். கங்காணி பிரம்பால் கற்றுக்கொடுத்த பாடம் அது. வெள்ளைக்காரன் ஓடிப்போய் ஜப்பான் அதிகாரி அந்தப் பங்களாவுக்கு வந்த பிறகும் அதே வழக்கம்தான். குனிகிற அளவுதான் கூடிற்று. ஒவ்வொரு மரத்தையும் அடிமரத்தில் தடவித் தெரிந்து வைத்திருந்தோம் நாங்கள். மேலே நின்று பார்த்தால் எங்கள் தோட்டம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த மாசியில் ஒரு நாள், பங்களா கூட்டுகிறவளுக்குக் குளிர்காய்ச்சல். வேலை வாங்குகிற மண்டோர் லயத்து வாசலில் நின்று, "லெச்சுமி, நீ போ. நீதான் வாயத் தொறக்க மாட்ட" என்றார். அன்றைக்கு ஈயக்குட்டைக்குப் போகிற நாள். அக்காவும் அலிமாவும் நான் இல்லாமல் போனார்கள்.

பின்வழியாக ஏறி, வீட்டைக் கூட்டிக்கொண்டே முன் வராந்தாவுக்கு வந்தேன். அங்கே மேசைமேல் ஒரு போத்தலில் தண்ணீர் ஊற்றி, பால்மரத்தின் சிவந்த துளிர்க் கொப்பு ஒன்றைச் செருகி வைத்திருந்தது. பால்மரக் கொப்பைப் பூ மாதிரி யாராவது வைப்பார்களா என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இலையெல்லாம் கொட்டிப்போன மரங்களுக்கு ஊடே குன்றின் கீழே ஆறு முழுசாகத் தெரிந்தது. வளைவுகளெல்லாம் தெரிந்தன. வெள்ளித் தகடு மாதிரி கிடந்த அந்த ஆற்றின் நடுவில் ஒரு படகு. முன்னால் அக்கா, பின்னால் அலிமா. அலிமா கையை உயர்த்திக் கரையில் யாருக்கோ ஆட்டுவதுகூடத் தெரிந்தது. இலை கொட்டின நாளிலிருந்து நாங்கள் மறைந்து மறைந்து போனதெல்லாம் இந்த வராந்தாவுக்கு முன்னால்தான்.

பின்னால் பூட்ஸ் சத்தம். குனிந்துவிட்டேன். என் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. ஒரு கை நீண்டு ஆற்றைக் காட்டியது. தெரிந்த கொஞ்சம் மலாயில், "காவான்?" என்று குரல் கேட்டது. உன் சிநேகிதிகளா என்கிறான். மூன்று பேராகப் போவதில் நானும் ஒருத்தி என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. தலையாட்டினேன். பிறகு அந்தக் கை அவன் மார்பைத் தொட்டது, மறுபடி படகைக் காட்டியது. "பெசோக். சாயா ஈக்குட்." நாளைக்கு நானும் வருகிறேன். அவ்வளவுதான். பூட்ஸ் உள்ளே போய்விட்டன.

வேலையை முடித்துவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். இரண்டு பேரும் அப்போதுதான் திரும்பிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழிலும் மலாயிலுமாகச் சொன்னேன். அலிமாவின் கையிலிருந்து கயிறு நழுவிற்று. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வேற என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லலக்கா. நாளைக்கு வர்றேன்னான்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு? கோவமா இருந்தானா?"

நான் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைத்தான் பார்த்தேன். அதைச் சொன்னால், இவ்வளவு பெரிய விஷயத்தில் கூடவா நிமிர்ந்து பார்க்கமாட்டாய் என்று அக்கா திட்டுவாள். அந்த வெட்கம்தான். வேறு ஒன்றும் இல்லை.

"ஆமாக்கா" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அக்கா மலாயில் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, அலிமா மட்டும் அதே மலாயில் மெதுவாகச் சொன்னாள்: கோபமாக இருந்தால் நாளைக்கு ஏன் வருகிறான், இன்றைக்கே ஆளை அனுப்பமாட்டானா, பேசாமல் இருந்து பார்ப்போம். அக்கா கேட்கவில்லை. "நீ என்னத்தக் கண்ட? இவ கண்ணால பாத்துட்டு வந்து சொல்றா" என்றாள். அண்ணன் ஒளிந்திருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று வந்த படகைத் திருப்பி மறுபடி துடுப்புப் போட்டோம். அந்தத் தடவை மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

காளிமுத்து அண்ணன் குடிசை வாசலில் உட்கார்ந்து கால் புண்ணுக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பகாவ் பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் அவருடைய மாமா இருந்தார். பால்மரக் காட்டுக்குள்ளேயே நடந்தால் மறைந்து மறைந்து போய்விடலாம் என்றார். "போயிட்டு ஆள் சொல்லி அனுப்புறேன். அழுவாத. லெச்சுமி, அக்காவப் பாத்துக்க." கிழங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மரத்துக்கு மரம் மறையலாம் என்பது அவர் நினைப்பு. மறைப்பதற்கு மேலே இலை இல்லை. சாலையில் நின்ற காவல்காரர்கள் பொழுது சாய்வதற்குள்ளேயே தூரத்திலிருந்து அவரைப் பார்த்துச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலையில் அந்த ஜப்பான் அதிகாரி வந்தான். தனியாக. துப்பாக்கி இல்லை. கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, கையில் ஒரு சின்ன சோற்று டப்பா. படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். அலிமாவும் அக்காவும் துடுப்புப் போட்டார்கள். நான் அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இறைத்தேன். ஆறு அகன்று ஏரி மாதிரி விரிகிற இடம் ஒன்று உண்டு, ஓடைக்குக் கால் மைல் முன்னால். அங்கே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். இரண்டு கரையிலும் மரங்கள் சிவப்பாகத் துளிர்த்து நின்றன. அவன் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முனகினான். டப்பாவைத் திறந்து, எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு உருண்டைச் சோறு கொடுத்தான். அரிசிச் சோறு. நாங்கள் அதைக் கண்டு எத்தனையோ மாதம். அலிமா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். நான் தின்றுவிட்டேன். பசி.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் தோட்டத்துச் செம்மண் சாலை ஆற்றை ஒட்டி வரும். மற்ற மாதங்களில் சத்தம்தான் கேட்கும், வண்டி தெரியாது. அன்றைக்கு மொட்டை மரங்களுக்கு ஊடே லாரி முழுசாகத் தெரிந்தது. பின்னால் ஆட்கள் நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் சாக்குச் சட்டைதான், ஒரே மாதிரிதான். ஆனால் நிற்கிற நிற்பில் புருஷனைத் தெரியாதா ஒருத்திக்கு? அக்காவின் துடுப்பு தண்ணீருக்கு மேலேயே நின்றது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் செத்துப்போனதாகச் சொன்ன பொய் வெளிவந்து, இரண்டு குடும்பமும் கம்பத்து அலிமா வீடும் போய்விடும். லாரி மரங்களுக்குள் போய்ப் போய் மறைந்தது. அவன் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்து, அவளும் காற்றை அனுபவிக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, பரவாயில்லை, இரு என்பது போலக் கையைக் காட்டினான்.

அப்போது நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவை. கண் கலங்கியிருந்தது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஊரிலிருந்து கடிதம் வந்த நாளில் அப்படித்தான் இருப்பார். மரத்தின் சிவந்த துளிரைக் காட்டி, தன் நாட்டின் பேரைச் சொல்லி, இப்போது அங்கேயும் இப்படித்தான் என்பது போல ஏதோ சொன்னான். இலை கொட்டின நாளெல்லாம் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டு படகில் போவதைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். அவ்வளவுதான். பிறகு திரும்பலாம் என்றான். ஓடைப் பக்கம் அவன் கண்ணே போகவில்லை. அவனை நல்லவன் என்று நான் எழுதவில்லை. அந்த லாரிக்குக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

கரையில் அவன் போன பிறகு அக்கா மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. "நேத்து கோவமா இருந்தான்னு சொன்னியே புள்ள" என்று கேட்டாள். கேட்டது ரொம்பச் சின்னக் குரல்.

"ஆமாக்கா" என்றேன் மறுபடியும்.

அலிமா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணன் வரவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் யாரும் இல்லை. அக்காவை அவளுடைய அப்பா அம்மா கப்பலில் ஊருக்கே கூட்டிப்போய்விட்டார்கள். நான் இங்கேயே கல்யாணமாகி, தோட்டம் துண்டுபோட்டு விற்கிற வரைக்கும் பால் வெட்டிவிட்டு, மகனோடு ரஹாங்குக்கு வந்தேன். அடையாளக் கார்டு வாங்கப் போன இடத்தில், "நீங்கள் எப்போது இந்தியாவிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். அக்காவை ஊரில் இன்றைக்கும் மலாயாக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அண்ணன் செத்ததற்குச் சேதி இல்லாததால் பொட்டை அழிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டதாம். இதெல்லாம் கடிதத்தில் தெரிந்துகொண்டது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய தம்பி மகள் எழுதுவாள். ஒவ்வொன்றிலும், சயாம் ஆட்கள் யாராவது புதிதாக வந்தார்களா என்று ஒரு வரி இருக்கும். இல்லை என்று நானும் ஒவ்வொன்றிலும் எழுதினேன். இன்னொரு வரி எழுதுவதற்கு எத்தனையோ தடவை உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்தேன். "அம்மா, அந்தக் காலமெல்லாம் முடிஞ்சு போச்சு லா. ஏன் போட்டுக் கிண்டுற?" என்கிறான் மகன். முடிந்துபோனது அவனுக்கு.

கடைசியாக வந்த கடிதத்தில் அக்கா இப்படி எழுதச் சொல்லியிருந்தாள்: "இங்க ஆத்துல மணலுதான் கெடக்கு. ஆனாலும் படுத்தா கால் ஈரமாகுற மாதிரியே இருக்கு. அங்க உனக்கு எப்படி இருக்கு?" இங்கே ஆறு கரை நிறைய ஓடுகிறது. அந்த மாசிக்குப் பிறகு நான் அதில் காலை வைத்ததில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிப் போட்டேன். மறு கடிதம் வரவில்லை. தம்பி மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாளோ, வேறு என்னவோ. நாமக்கல் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது, மலாயாக்காரி அஞ்சலை என்று விசாரித்தால் தெரியும். இருந்தால், இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவன் கோபமாக இருக்கவில்லை, லெச்சுமி நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.